மூன்று ஒற்றர்கள்

சென்ஸார் என்றால் சினிமாப் படத்தைக் கத்தரிக்கிறவர்கள் என்றுதான் என் வயதுக்காரர்களுக்கு நினைவு வரும். மோட்டார்க் காரிலும் சென்ஸார் உண்டு. ஒன்று இரண்டல்ல, டஜன் கணக்கில் உண்டு. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் எழுத்து வேறு, பொருள் வேறு. தமிழில் எழுதும்போது இரண்டும் ஒன்றாகிவிட்டன. சினிமா சென்ஸார் தீர்ப்புச் சொல்கிறவர். இது ஆகும், அது ஆகாது என்று முடிவு கட்டுகிறவர். கார் சென்ஸாருக்கு அந்த அதிகாரம் எல்லாம் கிடையாது. அது வெறும் ஒற்றன். ஓர் இடத்தில் உட்கார்ந்துகொண்டு, கண்டதைக் கண்டபடி சொல்லி அனுப்புவதோடு அதன் வேலை தீர்ந்தது. தீர்ப்புச் சொல்ல வேண்டியவன் மனிதன். அவன் சோம்பிப் போய் ஒற்றன் வாயிலேயே தீர்ப்பையும் எதிர்பார்த்தால் என்ன ஆகும் என்பதற்குச் சமீபத்தில் எங்கள் தெருவில் ஓர் உதாரணம் கிடைத்தது. அதற்கு முன்னால் அந்த ஒற்றன் யார், எதற்காக அங்கே உட்கார்ந்திருக்கிறான் என்று சொல்லிவிட வேண்டும். வாசகர்கள் பயப்பட வேண்டாம். யந்திர சாஸ்திரத்தில் நான் பட்டம் வாங்கியவன் அல்ல. ஆகையால் புரியாதபடி சொல்ல எனக்குத் தெரியாது.

ஒற்றனுக்குப் பெயர் மட்டும் நீளம். 'எக்ஸாஸ்ட் காஸ் ரீஸர்க்குலேஷன் டெம்பரேச்சர் சென்ஸார்' என்பது அவனுடைய முழுப் பெயர். ஒர்க்ஷாப்புகளில் 'ஈ.ஜி.ஆர். டெம்பரேச்சர் சென்ஸார்' என்று சுருக்கிக் கூப்பிடுகிறார்கள். யந்திரம் வெளியே தள்ளும் புகையில் ஒரு பகுதியைத் திருப்பி யந்திரத்துக்குள்ளேயே அனுப்புவதற்கு ஒரு குழாய் இருக்கிறது. அந்தக் குழாயில் வரும் புகை எவ்வளவு சூடாக இருக்கிறது என்று பார்த்துச் சொல்வது இவன் உத்தியோகம்.

"வெளியே விட்ட புகையை மறுபடியும் உள்ளே இழுப்பதா? இது என்ன அசங்கியம்?" என்று நீங்கள் கேட்கலாம். விறகு அடுப்பில் சமைத்த பாட்டிமாருக்கு இந்தச் சந்தேகமே வந்திராது. சோறு வடித்த பிறகும் தணல் கணகணவென்று இருந்தால், ஒரு பிடி சாம்பலை எடுத்து அதன் மேல் தூவுவார்கள். நெருப்பு அணைந்துவிடாது, வேகம் மட்டும் அடங்கும். அதன் மேல் பாலை வைத்தால் பொங்கி வழியாமல் நிதானமாகக் காயும். புகை என்பது என்ன? எரிந்து முடிந்த காற்று, காற்றினுடைய சாம்பல். புதுக் காற்றோடு அதைக் கொஞ்சம் கலந்து உள்ளே விட்டால், யந்திரத்தின் வயிற்றில் எரிகிற நெருப்பின் உச்ச உஷ்ணம் தணிகிறது.

உஷ்ணத்தை எதற்காகத் தணிக்க வேண்டும்? நாம் சுவாசிக்கும் காற்றில் நூற்றுக்கு 78 பங்கு நைட்ரஜன். சாதாரணமாக அது ஒரு வம்புக்கும் போகாத வாயு. ஆனால் ஏறக்குறைய 1,400 டிகிரி சென்டிகிரேடுக்கு மேல் காய்ச்சினால் அதற்கும் புத்தி கெட்டுவிடுகிறது. பிராணவாயுவோடு கூடி நைட்ரஜன் ஆக்ஸைடுகள் என்ற நச்சு வாயுக்களாக மாறி வெளியே வருகிறது. அந்த வாயுக்கள் வெயிலில் என்ன செய்யும் என்பதை முதல் முதலில் அனுபவித்து அறிந்தது அமெரிக்காவில் உள்ள லாஸ் ஏஞ்சலிஸ் நகரம்.

1943-ஆம் வருஷம் ஜூலை 26-ஆம் தேதி. இரண்டாவது உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த சமயம். பட்டப் பகலில் நகரத்தின் மேல் பழுப்பு நிற மூட்டம் ஒன்று கவிந்தது. கண் எரிந்தது, தொண்டை கரகரத்தது, மூன்று தெருவுக்கு அப்பால் இருந்தது தெரியவில்லை. ஜப்பான்காரன் விஷப் புகை போட்டுவிட்டான் என்று சிலர் பயந்தார்கள். அது இல்லை என்று ஆனதும் வேறொரு குற்றவாளியைத் தேடினார்கள். செயற்கை ரப்பருக்கு வேண்டிய சரக்கைத் தயாரிக்கும் ஆலை ஒன்று ஊருக்குள் இருந்தது. "இதுதான், இதுதான்!" என்று கூச்சல் எழுந்தது. ஆலையை மூடினார்கள். புகை மூட்டமோ மறுபடியும் வந்தது. ஆலை மூடியிருந்த நாட்களிலும் வந்தது.

உண்மையான குற்றவாளியைக் கண்டுபிடித்தவர் ஹாகன்-ஸ்மிட் என்ற ரசாயனப் பேராசிரியர். ஹாலந்து தேசத்தில் பிறந்தவர். லாஸ் ஏஞ்சலிஸுக்குப் பக்கத்தில் உள்ள கால்டெக் என்ற கலாசாலையில் வேலை பார்த்தவர். அன்னாசிப் பழத்துக்கு அந்த வாசனை எங்கிருந்து வருகிறது என்று ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். பழத்தின் வாசனையைக் குளிர வைத்துப் பிடிக்கிற அதே முறையில் ஊர்க் காற்றையும் பிடித்துப் பரிசோதித்தார். மோட்டார் வண்டிகளும் எண்ணெய் ஆலைகளும் விடும் ஆவிகளோடு நைட்ரஜன் ஆக்ஸைடுகள் சேர்ந்து, அவற்றின் மேல் வெயில் பட்டால், ஓஸோன் முதலான எரிச்சலூட்டும் வாயுக்கள் உண்டாகின்றன என்று 1950-களின் ஆரம்பத்தில் நிரூபித்தார். ஒவ்வொருவரும் தம் வீட்டு வாசலில் நிறுத்தி வைத்திருந்த காரே அந்தக் குற்றத்துக்கு உடந்தை என்று தெரிந்தது. ஆலைக்காரன் மேல் பழி போட்டவர்களில் எத்தனை பேர் காரில் ஏறிப் போய்ப் பழி போட்டார்களோ!

புகையைத் திருப்பி விடும் குழாய் 1970-களின் ஆரம்பத்தில் அமெரிக்கக் கார்களில் பரவலாக வந்தது. குழாய் இருந்தால் போதுமா? அது அடைத்துக்கொண்டால் எப்படித் தெரியும்? வண்டி நன்றாகத்தான் ஓடும். ஊர்க் காற்றுத்தான் கெடும். ஆகவே 1988-ஆம் வருஷ மாடலிலிருந்து, இந்தக் குழாய் வேலை செய்கிறதா என்று காரே கவனித்துச் சொல்ல வேண்டும் என்று கலிபோர்னியா ராஜ்யம் விதித்தது. அப்போது சில கம்பெனிகள் செய்த எளிய யுக்திதான் இந்த உஷ்ண ஒற்றன். சூடான புகை வந்தால் குழாய் சுடும், வராவிட்டால் சுடாது. சுடுகிறதா, இல்லையா என்று சொல்ல ஒருவன் போதும் அல்லவா?

நம் நாட்டில் 2020-ஆம் வருஷம் ஏப்ரல் 1-ஆம் தேதி பி.எஸ். 6 என்ற விதிகள் அமுலுக்கு வந்தன. டீஸல் கார் கிலோமீட்டருக்கு 250 மில்லிகிராம் வரையில் நைட்ரஜன் ஆக்ஸைடு விடலாம் என்று முன்பு இருந்தது, 80 மில்லிகிராமாகக் குறைந்தது. இதனால் டீஸல் வண்டிகளில் இந்தக் குழாயின் பொறுப்பு அதிகமாகிவிட்டது. இப்போது அதோடு கூட வால்வு ஒன்றும், புகையைத் தண்ணீரால் ஆற்றி அனுப்பும் கூலர் ஒன்றும் இருக்கின்றன. புகை சரியாக ஆறி வருகிறதா என்று நம் ஒற்றன் கூலருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிறான்.

அவன் எப்படிப் பேசுகிறான் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பெரும்பாலும் அவன் உடம்பில் இருப்பது தெர்மிஸ்டர் என்ற சின்னஞ்சிறு மணி. சாதாரண உலோகக் கம்பி சூடானால் மின்சாரத்துக்கு அதிகமாகத் தடை செய்யும். இந்த மணி நேர் எதிர். சூடு ஏற ஏற இளகி வழி விடும். மைக்கேல் பாரடே 1833-லேயே வெள்ளி ஸல்பைடு என்ற பொருளில் இந்த விசித்திர குணத்தைக் கண்டு எழுதி வைத்தார். 1990-களின் டொயோட்டா கார்களில் சிலவற்றுக்கான பழுது பார்க்கும் புத்தகத்தில் இவனுடைய கணக்குக் கொடுத்திருக்கிறது: 50 டிகிரியில் தடை 69-லிருந்து 88 கிலோ ஓம், 100 டிகிரியில் 12-லிருந்து 14, 150 டிகிரியில் 3 கிலோ ஓமை ஒட்டி. சூடு 100 டிகிரி ஏறுவதற்குள் தடை இருபதில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிவிடுகிறது.

காருடைய மூளையாகிய கம்ப்யூட்டர் 5 வோல்ட் மின்சாரத்தைத் தன்னிடமுள்ள ஒரு தடை வழியாக இவனிடம் அனுப்பி, இவன் தலைமாட்டில் எத்தனை வோல்ட் நிற்கிறது என்று பார்க்கிறது. குளிர்ந்திருந்தால் தடை அதிகம். வோல்ட் அதிகமாக நிற்கும். சூடாக இருந்தால் வோல்ட் குறையும். இந்த ஒரு விஷயத்தை வாசகர்கள் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். வோல்ட் அதிகம் என்றால் குளிர். வோல்ட் குறைவு என்றால் சூடு. தெர்மிஸ்டருக்குப் பதிலாகப் பிளாட்டினக் கம்பி வைத்த ஒற்றர்களும் சில வண்டிகளில் உண்டு; அவர்களுக்கு இது தலைகீழ். ஆகவே உட்கார்ந்திருப்பவன் எந்த ஜாதி என்று முதலில் விசாரித்துக்கொள்ள வேண்டும். இதைச் சரியாகக் கவனிக்காததனால்தான் எங்கள் தெரு டாக்ஸிக்காரருக்கு அவ்வளவு கஷ்டமும் வந்தது.

அவர் எங்கள் தெருக் கோடியில் ஒரு சந்தில் குடியிருக்கிறார். சொந்த டீஸல் வண்டி. சொந்தம் என்றால், முன் பாதி அவருக்கும் பின் பாதி பாங்கிக்கும் சொந்தம். மாதம் பிறந்தால் 5-ஆம் தேதி தவணை. சந்தில் வண்டி நிறுத்த இடமில்லாததால் இரவில் எங்கள் வீட்டு வாசலில்தான் நிற்கும். இந்த வருஷம் சித்திரை மாதத்தில் ஒரு நாள், யந்திரப் படம் போட்ட மஞ்சள் விளக்கு அதில் எரிய ஆரம்பித்தது. எரிந்ததும் வண்டி நொண்டும். ஆக்ஸிலேட்டரை எவ்வளவு மிதித்தாலும் நாற்பது கிலோமீட்டருக்கு மேல் போகாது. பிரயாணி ஏறியிருக்கும்போது இப்படி நடந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. அவருக்குக் கிடைத்து வந்த நட்சத்திர மதிப்பெண்கள் ஒவ்வொன்றாக உதிரத் தொடங்கின.

ஓர் ஒர்க்ஷாப்புக்குப் போனார். அங்கே ஸ்கானர் என்ற கருவியைச் சொருகிப் பார்த்தார்கள். 'பி-040-டி' என்று எண் வந்தது. 'ஈ.ஜி.ஆர். டெம்பரேச்சர் சென்ஸார், சர்க்யூட் ஹை' என்று அதற்கு விளக்கமும் வந்தது. "ஹைன்னு வருது பாருங்க, ஓவர் சூடு. சென்ஸார் போயிடுச்சு" என்றார்கள். புது சென்ஸார் போட்டார்கள். நாலு நாளில் மறுபடியும் விளக்கு எரிந்தது. "அது மட்டமான ஸ்பேர்; கம்பெனி ஸ்பேர் போடுவோம்" என்று இன்னொன்று போட்டார்கள். ஒரு வாரம் தாங்கிற்று. மூன்றாம் தடவை போனபோது, "கூலரே அடைத்துக்கொண்டுவிட்டது, முழுசாக மாற்ற வேண்டும்" என்று ஒரு தொகை சொன்னார்கள். அந்தத் தொகை அவருடைய நாலு மாதத் தவணை.

டாக்ஸி ஸ்டாண்டில் சிநேகிதர்கள் வேறு வழி சொன்னார்கள். "குழாய்க்குக் குறுக்கே ஒரு தகடு வச்சு அடைச்சிடு. கம்ப்யூட்டரிலே அந்தக் கணக்கையே அழிச்சுத் தர்ற ஆள் இருக்கான். செலவும் கம்மி, விளக்கும் எரியாது" என்றார்கள். டாக்ஸிக்காரர் அன்று இரவு வண்டிச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு எங்கள் வாசல் திண்ணையில் வெகு நேரம் உட்கார்ந்திருந்தார்.

"என்ன சார் செய்யட்டும்? இந்த மாசத் தவணை போச்சு. அடுத்த மாசமும் போனா வண்டியைத் தூக்கிட்டுப் போயிடுவாங்க" என்றார்.

அடுத்த தெரு முனையில் ஓர் ஆட்டோ எலெக்ட்ரீஷியன் இருக்கிறார். அறுபது வயதுக்கு மேல் இருக்கும். டைனமோ காலத்திலிருந்து மோட்டார் ஒயர்களோடு பழகினவர். கடை என்று சொன்னால் ஒரு தகரக் கொட்டகை. முதல் என்று சொன்னால் ஒரு மீட்டர், ஒரு சிறிய ஸ்கானர், நுனி மடங்கிய நோட்டுப் புத்தகம் ஒன்று. அவரிடம் ஒரு தடவை காட்டிவிட்டு அப்புறம் தகடு வைப்பதைப் பற்றி யோசிக்கலாம் என்று சொல்லி, மறுநாள் சாயங்காலம் இரண்டு பேருமாகப் போனோம்.

பெரியவர் ஸ்கானரைத் தொடவில்லை. முதலில் கேள்வி கேட்டார். "எப்போ எரியுது, தம்பி? காலையிலேயா, சாயந்திரமா? மேடு ஏறும்போதா? ஏ.ஸி. போட்டாலா?"

டாக்ஸிக்காரர் யோசித்தார். இதுவரையில் இந்தக் கேள்வியை அவரிடம் ஒருவரும் கேட்கவில்லை. "ஸ்பீட் பிரேக்கர் தாண்டி ஒரு மிதி மிதிச்சா எரியுது, அண்ணே. நேர் ரோட்டிலே எரியறதில்லை."

பெரியவர் தலையை ஆட்டிவிட்டு, நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டார். அப்புறம் ஸ்கானரைச் சொருகினார். விளக்கு எரிந்த அந்தக் கணத்தில் வண்டி என்ன வேகம் போயிற்று, யந்திரம் எவ்வளவு சூடாக இருந்தது என்பதை எல்லாம் கம்ப்யூட்டர் ஒரு குறிப்பாக எழுதி வைத்திருக்கும். போலீஸ்காரரின் டைரி மாதிரி. அதைப் படித்துவிட்டுச் சிரித்தார்.

"ஹைன்னா சூடு இல்லே, தம்பி. வோல்டேஜ் ஹை. இந்த வண்டியிலே வோல்டேஜ் ஏறினா குளிருன்னு அர்த்தம். புகைக் குழாய்க்குள்ளே மைனஸ் நாற்பது டிகிரின்னு எழுதியிருக்கு."

மைனஸ் 40 டிகிரி! சென்டிகிரேடிலும் பாரன்ஹீட்டிலும் ஒன்றாக இருக்கும் ஒரே எண் அது. சைபீரியாவில் தை மாதத்தில் இருக்கலாம். சென்னைப் பட்டணத்தில், சித்திரை வெயிலில், டீஸல் யந்திரத்தின் புகைக் குழாய்க்குள் எப்படி இருக்கும்? ஒயர் எங்கேயாவது அறுந்தால் தடை எல்லையில்லாமல் போகும். வோல்ட் உச்சத்தில் நிற்கும். கம்ப்யூட்டர் அதைக் கடுங்குளிர் என்று வாசிக்கும். இரண்டு ஒயரும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால் நேர்மாறாக வோல்ட் பூஜ்யத்துக்கு இறங்கி, நம்ப முடியாத சூடு என்று வாசிக்கும். அதற்கு எண் வேறு: பி-040-சி. மூன்று தடவை அந்த எண்ணைப் படித்தவர்கள், குளிர் என்று கத்தின ஒற்றனைச் சூடு என்று கத்தினதாக எண்ணி, அதற்காகக் கூலரையும் மாற்றப் பார்த்தார்கள்.

"ராத்திரி வண்டியைக் கிளப்பாதே. காலையிலே வர்றேன்" என்றார் பெரியவர்.

மறுநாள் ஐந்தரை மணிக்கு எங்கள் வாசலுக்கு வந்தார். சாவியைத் திருப்பினார், யந்திரத்தை ஓட்டவில்லை. ஸ்கானரில் மூன்று எண்களை மட்டும் பார்த்தார். யந்திரத்தைச் சுற்றி ஓடும் தண்ணீரின் உஷ்ணம் 29. உள்ளே இழுக்கும் காற்றின் உஷ்ணம் 30. புகைக் குழாயின் உஷ்ணம் 29. இரவு முழுவதும் அசையாமல் நின்ற வண்டியில் எல்லாப் பாகமும் ஊர்க் காற்றின் சூட்டுக்கு வந்துவிடும். ஆகவே மூன்று சென்ஸாரும் ஏறக்குறைய ஒரே எண்ணைச் சொல்ல வேண்டும். ஒன்று மட்டும் பத்து இருபது டிகிரி தள்ளிச் சொன்னால் அதன் மேல் சந்தேகப்படலாம்.

எனக்குத் திருக்குறள் ஞாபகம் வந்தது. ஒற்றாடல் என்று அதில் ஓர் அதிகாரம் இருக்கிறது. ஓர் ஒற்றன் கொண்டு வந்த செய்தியை மற்றோர் ஒற்றனைக் கொண்டு சோதிக்க வேண்டும் என்றும், ஒருவரை ஒருவர் அறியாத மூன்று ஒற்றர்களின் சொல் ஒத்திருந்தால் அதை நம்பலாம் என்றும் வள்ளுவர் அரசனுக்குச் சொல்லியிருக்கிறார். தகரக் கொட்டகைப் பெரியவர் அதைப் படித்துவிட்டு வந்தாரோ என்னவோ தெரியாது. எங்கள் வாசலில் அவர் செய்தது அந்தக் காரியம்தான். மூன்று ஒற்றர்களும் ஒரே வார்த்தை சொன்னார்கள். மூன்றாவது சென்ஸாரும் யோக்கியன் என்று ஏற்பட்டது.

அடுத்தபடி சென்ஸாரிலிருந்து ஒயரைக் கழற்றினார். எண் மைனஸ் 40-க்குப் போயிற்று. ஒயரின் இரண்டு முனையையும் ஒரு சிறு கம்பியால் இணைத்தார். எண் கடைசி உச்சிக்குப் பாய்ந்தது. அதாவது, கம்ப்யூட்டருக்குக் காது நன்றாகக் கேட்கிறது. சொல்லும் செய்தி அந்த நிமிஷத்தில் போய்ச் சேருகிறது.

"பழைய சென்ஸார் இருக்கா?" என்று கேட்டார். டாக்ஸிக்காரர் கழற்றின இரண்டையும் காகிதத்தில் மடித்து வைத்திருந்தார். பணம் போட்ட பொருளை எறிய மனம் வரவில்லை போலும். பெரியவர் வெந்நீர் கேட்டார். என் மனைவி கொதிக்கக் கொதிக்க ஒரு பாத்திரத்தில் கொண்டு வந்து வைத்து, "இந்தப் பாத்திரம் இனிமேல் அடுக்களைக்குள் வர வேண்டாம்" என்று உத்தரவு போட்டுவிட்டுப் போனாள். சென்ஸாரின் நுனி மட்டும் தண்ணீரில் இருக்கும்படி, ஒயர் சொருகும் பக்கம் நனையாமல் பிடித்து, மீட்டரை வைத்தார். முள் இல்லாத மீட்டர். எண்கள் சர்ரென்று இறங்கின. தண்ணீர் ஆற ஆறத் திரும்பவும் ஏறின. இரண்டாவது சென்ஸாரும் அப்படியே.

"கொதிக்கிற தண்ணி நூறு டிகிரி. அது வரைக்கும் ரெண்டும் ஒழுங்காத்தான் பேசுது. அதுக்கு மேலே நான் சாட்சி இல்லே" என்றார் பெரியவர்.

டாக்ஸிக்காரர் ஒன்றும் பேசவில்லை. அந்த இரண்டு சென்ஸார்களையும் கையில் வாங்கிப் பார்த்துக்கொண்டே நின்றார். ஒரு மாதத் தவணையை விழுங்கின இரண்டு நிரபராதிகள்!

பிறகு யந்திரத்தை ஓட்டினார்கள். புகைக் குழாயின் உஷ்ணம் 40, 55, 70 என்று பதவிசாக ஏறிற்று. டாக்ஸிக்காரரைச் சட்டென்று ஒரு மிதி மிதிக்கச் சொன்னார். யந்திரம் ஓர் உலுக்கு உலுக்கிற்று. 70 என்று இருந்த எண் ஒரே கணத்தில் மைனஸ் 40-க்கு விழுந்து, மறு கணம் 70-க்கே திரும்பி வந்தது.

"பார்த்தீங்களா, ஐயா?" என்று பெரியவர் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். "புகை இப்படி ஆறாது. இரும்புக் குழாய் இப்படிக் குளிராது. சூடுன்னா ஏற நேரம் எடுக்கும், இறங்க நேரம் எடுக்கும். ஒரு நொடியிலே நூத்திப் பத்து டிகிரி குதிக்கிறது ஒயரோட வேலை."

ஒயர்க் கட்டைக் கையால் அங்கங்கே பிடித்து அசைத்துக்கொண்டே போனார். ஓர் இடத்தில் அசைத்தபோது எண் குதித்தது. கறுப்பு உறையை நீக்கிப் பார்த்தால், ஓர் இரும்புப் பட்டையின் விளிம்பில் ஒயர் உராய்ந்து உராய்ந்து தோல் போயிருந்தது. உள்ளே செம்புக் கம்பிகளில் பச்சைக் களிம்பு. இரண்டே இழைதான் மிச்சம். நேர் ரோட்டில் அவை ஒட்டிக்கொண்டிருக்கும். வண்டி உலுக்கினால் விலகும். களிம்பேறிய பகுதியை வெட்டிப் புது ஒயர் வைத்துப் பற்றவைத்து, உறை மாட்டி, பட்டையின் விளிம்பு படாதபடி தள்ளிக் கட்டினார். முக்கால் மணி நேர வேலை. அவர் வாங்கிக்கொண்ட கூலியில் இரண்டு பேர் ஒரு வேளை நல்ல சாப்பாடு சாப்பிடலாம்.

"காலையிலே அந்த மூணாவது நம்பர் ஒத்துப் போகலைன்னா?" என்று நான் கேட்டேன்.

"அப்போ சென்ஸாரை மாத்த வேண்டியதுதான். அது கெடாத சாமான்னு நான் சொல்லலையே? சில சமயம் மேலே கரி அப்பிக்கும். அப்போ செத்துப் போகாது, மந்தமாயிடும். சூடு ஏறி ரொம்ப நேரம் கழிச்சுச் சொல்லும். சில சமயம் சென்ஸாரும் நல்லா இருக்கும், ஒயரும் நல்லா இருக்கும், சொல்ற சேதியும் நிஜமா இருக்கும். வண்டி நல்லா ஓடின பிறகும் குழாய் சூடே ஏறலைன்னா புகை வரலைன்னு அர்த்தம். வால்விலேயோ குழாயிலேயோ கரி அடைச்சிருக்கும். ரொம்பச் சூடாவே நின்னா வால்வு திறந்தபடி மாட்டிக்கிச்சு, இல்லே கூலர் ஆத்தலை. கூலருக்குப் போற தண்ணி குறைஞ்சிருக்கான்னும் பார்க்கணும். நம்பர் வந்த உடனே கழற்றிப் போட்டா இதெல்லாம் எப்படித் தெரியும்?"

அவர் சொன்ன வரிசையைக் கவனியுங்கள். முதலில் சம்பவம் எப்போது நடந்தது என்ற விசாரணை. பிறகு செய்தி நடக்கக் கூடியதுதானா என்ற யோசனை. பிறகு சொன்னவன் யோக்கியனா என்ற சோதனை. பிறகு செய்தி வந்த வழி சரியாக இருக்கிறதா என்ற சோதனை. எல்லாம் சரி என்றால் செய்தியை நம்பி, குற்றம் நடந்த இடத்துக்குப் போக வேண்டும். பணம் செலவாகிற காரியம் கடைசியில்தான் வருகிறது. ஒர்க்ஷாப்பில் அதையே முதலில் செய்தார்கள்.

தகடு வைக்கிற யோசனையையும் டாக்ஸிக்காரர் அவரிடம் மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். பெரியவருக்குக் கோபம் வரவில்லை.

"வச்சா வண்டி ஓடும், தம்பி. உனக்கு ஒண்ணும் தெரியாது. சிக்னல்லே உனக்குப் பின்னாடி ஸ்கூட்டர்லே குழந்தையை முன்னாலே நிக்க வச்சுக்கிட்டு ஒருத்தன் நிப்பான். அவனுக்குத் தெரியும்" என்றார்.

டாக்ஸிக்காரருக்கு ஒரு பெண் இருக்கிறாள். ஐந்தாவது படிக்கிறாள். தினம் பிரதான சாலை பஸ் ஸ்டாப்பில் நின்றுதான் பள்ளிக்கூடம் போகிறாள். அவர் அதற்குமேல் தகட்டைப் பற்றிப் பேசவில்லை. சட்டமும் அதற்கு இடம் கொடுக்கவில்லை என்பது வேறு விஷயம். சட்டத்தைவிட அந்த ஸ்கூட்டர்க் குழந்தை அவரை அதிகமாக அசைத்தது என்று எனக்குத் தோன்றுகிறது.

கெட்ட செய்தி கொண்டு வருகிறவனை நாம் நடத்துகிற விதமே அப்படி. வீட்டுக் கணக்கில் துண்டு விழுகிறது என்று சொன்னால், சொன்ன மனைவி மேல் எரிந்து விழுகிறோம். பையனுக்குக் கணக்கு வரவில்லை என்று வாத்தியார் எழுதி அனுப்பினால் வாத்தியாரை மாற்றப் பார்க்கிறோம். ஒற்றனை மாற்றுவது ஒரு வகை. அவன் வாயைத் தகடு போட்டு அடைப்பது இன்னொரு வகை. முதலாவது நம் பணத்தைக் கரைக்கும். இரண்டாவது பிறருடைய மூச்சைக் கரைக்கும். எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்று நம் பெரியவர்கள் சொன்னார்கள். இங்கே அம்புகூட இல்லை. அம்பு பட்ட இடத்தைக் காட்டின விரலைத்தான் நாம் ஒடிக்கிறோம்.

பெரியவர் வேலை முடித்துப் புறப்படும்போது, அந்த இரண்டு பழைய சென்ஸார்களையும் துடைத்து டாக்ஸிக்காரர் கையில் கொடுத்தார். "பத்திரமா வச்சுக்கோ. என்றைக்காவது நிஜமாவே ஒண்ணு கெட்டுப் போகும். அப்போ உதவும்" என்றார்.

அதற்குப் பிறகு மழைக்காலமும் வந்து போயிற்று. மஞ்சள் விளக்கு எரியவில்லை. தவறின தவணையை வட்டியோடு கட்டியாகிவிட்டது. இப்போதெல்லாம் டாக்ஸிக்காரர் காலையில் வண்டியைக் கிளப்புவதற்கு முன் ஒரு நிமிஷம் சும்மா உட்கார்ந்திருக்கிறார். போன மாதம் ஆயிரம் ரூபாய்க்குள் ஒரு சிறிய ஸ்கானர் வாங்கி வைத்துக்கொண்டிருக்கிறார். மூன்று ஒற்றர்களும் என்ன சொல்கிறார்கள் என்று கேட்டுவிட்டுத்தான் சவாரிக்குப் போகிறார்.